திருப்பிச் சொல்வதை ஏன் நிறுத்தினோம்

எங்கள் துறையில் இப்போது பாடம் நடத்தும் இளைய ஆசிரியை ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். துறையில் சேர்ந்து கிடக்கும் பழைய களப்பேட்டி ஒலிப்பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சைக் கொடுத்தால் அதுவே எழுதித் தந்துவிடுகிறதாம். நம் பக்கத்துப் பேச்சில் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறது, யாரோ சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ‘வெஞ்சனம்’ என்று சொன்னதை ‘வஞ்சனை’ என்று எழுதிவைத்திருக்கிறது என்று சிரித்தார். பிறகு கேட்டார்.

“மேடம், பழைய பேட்டியில எல்லாம் கடைசியா நம்ம பிள்ளைங்க, கேட்டதை முழுசாத் திருப்பிச் சொல்றாங்க. ஒரு கட்டத்துக்கு அப்புறம் அது ஒண்ணுலயும் இல்ல. நல்ல முறையாத்தான தெரியுது, ஏன் விட்டீங்க?”

“துறைத் தலைவர் வேண்டாம்னுட்டார்” என்றேன். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன். நான் நேரில் பார்த்தது எது, பிறர் சொல்லிக் கேட்டது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். என்ன நடந்தது என்பதற்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் ஒரு நாளிதழில் சில ஆண்டுகள் உதவியாசிரியராக இருந்தேன். யார் சொன்னது என்று இல்லாத வரியைத் தேடி அடிப்பது வேலை. அங்கிருந்தபடியே வரலாற்றில் முதுகலை முடித்து, ஆய்வு முடித்து, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். முற்பகலில் உலக வரலாறு, பிற்பகலில் வட்டார வரலாறு. காலையில் நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பனியில் திரும்பி வருவான். சாப்பாட்டுக்குப் பிறகு அதே கரும்பலகையில் பாளையங்களின் எல்லைகளை வரைவேன். சன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். காற்று திசை மாறினால் தோல் பதனிடும் வாடையும் வரும்.

துறைத் தலைவர் அருளப்பன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. மாணவர் எழுதிக்கொண்டு வரும் தாள்களை மேசையில் வைத்து, ஓரங்களை விரலால் நேராக்கிவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவார். படித்து முடித்ததும் பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

“இது யார் வார்த்தை?”

“அந்த ஊர்ப் பெரியவர் சொன்னது சார்.”

“அவர் சொன்னது இருக்கட்டும். இது யார் வார்த்தை?”

தாளில் ‘வறட்சியின் கோரப் பிடியில் மக்கள் சிக்கித் தவித்தனர்’ என்று இருக்கும். எந்த ஊர்ப் பெரியவரும் அப்படிப் பேசமாட்டார். தாள் திரும்பிப் போகும்.

இந்த வியாதிக்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் திருப்பிச் சொல்லல். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வட்டார வரலாற்றில் ஒரு களக்கட்டுரை எழுதியாக வேண்டும். இரண்டு பேராகப் போவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார். மற்றவர் குறிப்பெடுத்துக்கொண்டு பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்வார். பேட்டி முடிந்ததும் உடனே எழுந்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் தண்ணீரோ டீயோ கொடுத்தால் மறுக்காமல் குடிக்க வேண்டும். அதன்பின், கேள்வி கேட்டவர் தான் கேட்டதை முதலிலிருந்து கடைசிவரை, சொன்னவரின் சொற்களிலேயே, சொன்னவரிடமே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.

‘அவர் போனார்’ என்று தொடங்கினாலே நாக்கு சுருக்க ஆரம்பித்துவிடும், பிறகு தீர்ப்பும் சொல்லும் என்பது சாரின் கட்சி. ‘நான் போனேன்’ என்றால் கூச்சம் வரும், கூச்சத்தில் கவனம் வரும். அதைவிட முக்கியம், சொன்னவருக்குப் பொறுக்காது. தப்பு வந்த இடத்தில் குறுக்கே பாய்வார். அதுதான் சரிபார்ப்பு.

அய்யலூர் ஆட்டுச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் எங்கள் மாணவன் ஒருவன் இப்படித் திருப்பிச் சொன்னபோது நானும் இருந்தேன். “நான் மணப்பாறையிலருந்து நடந்தே ஆடு ஓட்டிக்கிட்டு வந்தேன். வழியில ரெண்டு குட்டி செத்துப்போச்சு” என்று அவன் ஆரம்பித்ததும், வியாபாரி துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“ஏலே, நீ எங்க ஓட்டுன? நான்ல ஓட்டுனேன். நீ அப்ப பொறக்கவே இல்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். “குட்டி சாகவும் இல்ல. ஒண்ணு களவு போச்சு. இன்னொண்ண நானே வித்துத் தின்னுட்டு வீட்ல செத்துப்போச்சுன்னேன். எழுதிக்க, இனிமே எங்கப்பன் வந்தா கேக்கப்போறாரு?” என்றார். நாளிதழில் எங்களுக்கு இப்படி ஒரு முறை இருந்திருந்தால் மறுப்புச் செய்திகள் பாதியாகக் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னால் நடந்தது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டீஸ்வரி எழுந்தாள். சின்னாளப்பட்டியில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண். கேள்வி கேட்பதென்றால் எழுந்து நின்றுதான் கேட்பாள்.

“கிழங்கு அழுகுனதும் அவன் கப்பல் ஏறிட்டான் மேடம். தாது வருசப் பஞ்சத்துல நம்ம ஆளு எங்க போனான்?”

“கண்டித் தோட்டத்துக்குப் போயிருப்பான்டி” என்றாள் பக்கத்தில் இருந்த ஷமீமா. பேகம்பூரில் தோல் மண்டி வைத்திருப்பவரின் மகள்.

“போக முடியாதவன்?”

பாடப்புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. 1876-ல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் அங்கங்கே கஞ்சித் தொட்டி வைத்து ஊற்றினார்கள் என்று ஒரு பத்தி இருக்கும், அவ்வளவுதான். “அதையே களக்கட்டுரையா எடுத்துக்கோ” என்றேன். ஷமீமா குறிப்பெடுக்கச் சேர்ந்துகொண்டாள். பாண்டீஸ்வரிக்கு இந்தக் கட்டுரை வெறும் மதிப்பெண் இல்லை. இது தேறினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் பி.எட். தேர்வு முடிவுவரைதான் பொறுப்போம், தவறினால் அத்தை மகனோடு கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. வேடசந்தூருக்கும் அய்யலூருக்கும் நடுவில், முருங்கையும் சோளமும் வெங்காயமும் போடுகிற ஊர். அங்கே வெள்ளையம்மாள் என்கிற வயதான பெண்ணிடம் தாது வருசப் பேச்சு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனார்கள். அன்று நடந்ததை ஷமீமா சொல்லியும், பதிவைக் கேட்டும் எழுதுகிறேன்.

டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே, “வெள்ளையம்மாட்டயா? அதுகிட்ட வாய் குடுத்துறாதீக தாயி” என்றாராம்.

நம் பக்கத்தில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். வாயாடி, சண்டைக்காரி, பேச்சு வளர்க்காதே என்று பொருள். “எங்க மாமியும் அப்படித்தாண்ணே, நாங்க பாத்துக்கிறோம்” என்று ஷமீமா சிரித்திருக்கிறாள்.

வெள்ளையம்மாள் சண்டைக்காரியாகத் தெரியவில்லை. சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தவர், எதற்குக் கேட்கிறீர்கள் என்று மட்டும் விசாரித்திருக்கிறார். படிப்புக்கு என்றதும் சொல்லத் தொடங்கினார். அந்தப் பதிவை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏற்ற இறக்கமே இல்லாத குரல், ஒரு வீட்டுக்கு வழி சொல்வதைப் போல.

“தாது வருசம். வீட்ல ஆம்பள செத்துப்போனாரு. மூத்தது செத்துப்போச்சு. சின்னதத் தூக்கிக்கிட்டு நான் நடந்தேன். திண்டுக்கல்லுல கஞ்சி ஊத்துறாகன்னாக. ரோட்டோரம் ஒரு புளியமரம். அதுக்கு மேல பிள்ளையத் தூக்க முடியல. மரத்தடியில ஒக்கார வச்சேன். இங்கனயே இரு அப்பு, செத்த நேரத்துல வாரேன்னேன். வரிசையில நின்னேன். கஞ்சி வாங்குனேன். திரும்பி நடந்தேன். புளியமரம் வரல்ல. நடக்குறேன். வரல்ல.”

அத்தோடு நின்றுவிட்டது. பதிவில் ஷமீமாவின் குரல் கேட்கிறது.

“யாரு நடந்தது? உங்க பாட்டியோட பாட்டியா?”

“நான்தான்.”

“தாது வருசம் நூறு வருசத்துக்கு மேல ஆச்சே.”

“ஆமா.”

“அப்ப எப்படி நீங்க…”

“அப்படித்தான் சொல்லணும்.”

பிறகு வெள்ளையம்மாள் செம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஷமீமா தன்னிடம் பாட்டில் இருப்பதாகச் சொல்லிவிட்டாள். பாண்டீஸ்வரி வாங்கிக் குடித்துவிட்டு, துறையின் முறைப்படி திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டு வரிகள் அவளுடைய வழக்கமான வேகத்தில் இருக்கின்றன. மரத்தடிக்கு வரும்போது வேகம் இல்லை. ‘வரல்ல’ என்கிற இடத்தில் குரல்கள் இரண்டையும் பிரித்துச் சொல்வது எனக்குக் கடினமாக இருந்தது. வெள்ளையம்மாள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. குறுக்கிடாத ஆளை எங்கள் துறை அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கே பதிவை நிறுத்திவிட்டதாக ஷமீமா சொன்னாள். அதற்குப் பிறகு நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளையம்மாள் தாடையைக் கையால் தடவிவிட்டுக்கொண்டார். பாண்டீஸ்வரியைப் பார்த்து, கதை கேட்கிறவர்கள் கேட்பதைப் போல, “அப்புறம் என்ன ஆச்சு?” என்றார்.

“கஞ்சி ஆறிப்போச்சு. ஏடு கட்டிருச்சு” என்றாள் பாண்டீஸ்வரி.

“அடப் பாவமே” என்று சொல்லிவிட்டு அவர் வெங்காயத்தைத் தொடர்ந்து ஆய ஆரம்பித்துவிட்டாராம்.

கட்டுரையின் முதல் வரைவு வந்தபோது நான்தான் வழிகாட்டி என்பதால் முதலில் படித்தேன். பேட்டிப் பகுதியில் பதிவில் இல்லாத வரிகள் இருந்தன. சட்டியின் விளிம்பு உடைந்திருந்தது. ஈ விழாமல் முந்தானையால் மூடியிருந்தாள். வழியில் ஒருவன் கஞ்சிக்காகச் சட்டியைப் பிடித்து இழுத்தான். அவனுக்கும் பலம் இல்லை, அவனே உட்கார்ந்துவிட்டான். கற்பனை செய்கிற மாணவர்கள் இப்படி எழுதமாட்டார்கள், கண்ணீரும் கதறலும் வைப்பார்கள். இருந்தாலும் பதிவில் இல்லாதது இல்லாததுதான். சாரிடம் கொண்டுபோனேன். அவர் பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டார்.

“இது யார் வார்த்தை?”

“என் வார்த்தை இல்ல சார்.”

“பதிவுல இல்லையே. அந்தம்மா பிறகு சொன்னாங்களா?”

“அவங்க சொல்லல.”

“அப்ப யார் சொன்னது?”

அவள் தாளைப் பார்த்தாள். “நான்தான் சார். நடந்தப்ப” என்றாள்.

சார் ஏற்கெனவே நேராக இருந்த தாள்களை மறுபடி நேராக்கினார்.

அந்த நாட்களில் பாண்டீஸ்வரி மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள். வகுப்புக்கு வந்தாள், சாப்பிட்டாள், ஷமீமா அடிக்கும் நக்கலுக்குச் சிரித்தாள். இரண்டு விஷயங்களை மட்டும் நானே பார்த்தேன். ஒரு கருத்தரங்குக்காக மதுரைச் சாலையில் அவளோடு பேருந்தில் போனேன். சன்னலோர இருக்கையில் உட்கார்ந்து சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்ன பாக்குற?”

“மரம் மேடம்.”

“இங்க ஏது புளியமரம்? நாலு வழிச் சாலை போட்டப்பவே வெட்டிட்டாங்களே. அதுவும் இல்லாம நீ கேட்ட கதை வடக்க, வேடசந்தூர் பக்கம். இது தெக்க.”

“எந்தப் பக்கம்னு தெரியல மேடம்” என்றவள், சற்றுப் பொறுத்து, “எல்லாத்தையுமா வெட்டிட்டாங்க?” என்றாள்.

“எல்லாத்தையும்.”

“இனி எப்படி வரும்?”

நாளிதழில் இருந்தபோது விபத்துச் செய்தியோடு சில வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறேன். அந்த முகங்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு முகத்தோடு அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

இன்னொன்று, விடைபெறும்போது. “போறேன் மேடம்” என்றாள். யாராக இருந்தாலும் திருத்துவார்கள். நானும் “போறேன்னு சொல்லாத, வாரேன்னு சொல்லு” என்றேன். அவள் நின்றாள். உதடு அசைந்தது. அந்தச் சொல் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

சரிபார்க்காமல் விட முடியாது என்று சார் முடிவு செய்தார். ஒரு சனிக்கிழமை காலையில் சார், நான், பாண்டீஸ்வரி, ஷமீமா நான்கு பேரும் அந்த ஊருக்குப் போனோம். வெள்ளையம்மாள் எங்களை வரவேற்று உட்கார வைத்தார். சார் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பேச்சை இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“எனக்கு என்ன அப்பு தெரியும்? அதான் வாய் குடுத்துட்டேன்ல. அந்தப் பிள்ளைகிட்டக் கேளுங்க.”

“வாய் குடுத்துட்டேன்னா?”

அவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். அவருடைய குடும்பத்தில் அப்படித்தானாம். அந்த நடந்தவளுக்குச் சொல்ல ஆள் இல்லை, பிள்ளையும் இல்லை, காரியம் செய்யவும் ஆள் இல்லை. அதனால் யாராவது ஒருத்தி தன் வாயை அவளுக்குக் குடுத்திருக்க வேண்டும். தண்ணீர் குடுத்து, சொல்லி, கேட்டவள் ‘நான்’ என்று திருப்பிச் சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு சொன்னவளை விட்டு அவளுக்குப் போய்விடும். இவருக்கு இவருடைய மாமியார் கொடுத்தது.

“ரெண்டு மருமகளுக்கும் குடுத்துப் பாத்தேன். நான் செம்பத் தூக்குனாலே எந்திரிச்சு ஓடிருவாளுக. இந்தப் பிள்ள பாட்டுக்கு ஒக்காந்து குடிச்சிருச்சு. எழுத்துப் பிசகாமச் சொல்லுச்சு. யாரு சொல்லிக் குடுத்தா?”

சொல்லிக் கொடுத்தவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, அது பாடம்” என்றார் சார். “படிப்புக்காகச் சொன்னது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“நானும் இந்த வீட்டுக்குச் சோறாக்கத்தான் வந்தேன்” என்றார் வெள்ளையம்மாள்.

திரும்பும்போது டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று ஷமீமாவிடம் சொன்னார். “வாய் குடுக்காதீகன்னு தமிழ்லதான சொன்னேன்?”

வாய்மொழித் தேர்வு நெருங்கியது. வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் கண்டிப்பானவர். புனைந்து எழுதியது என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டால் பட்டம் நின்றுவிடும். சார் பாண்டீஸ்வரியிடம், பதிவில் இல்லாத வரிகளை எடுத்துவிடும்படியும், பேட்டியை ‘அவர்’ என்று மாற்றி எழுதும்படியும் சொன்னார். அவர் தன் வேலைக்காலத்தில் அப்படிச் சொன்னது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். அவள் மாற்றி எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு ‘அவர்’ பக்கத்திலும் பேனா நின்றிருந்ததைத் தாளில் மை சொன்னது.

தேர்வாளர் பதிவைக் கேட்டார், கட்டுரையைக் கேட்ட வரிகளோடு ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தியது. பிறகு வாசித்தார்.

“‘அவர் திரும்பி நடந்தார். புளியமரம் வரவில்லை.’ இதோட முடியுது. குழந்தை என்ன ஆச்சுன்னு கேக்கலையா?”

“தெரியாது சார்.”

“நீ கேட்டிருக்கணும்.”

“அவங்களுக்கே தெரியாது சார்” என்றாள் பாண்டீஸ்வரி. “தெரிஞ்சிருந்தா நடக்காம நின்னிருப்பாங்க.”

தேர்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நல்ல மதிப்பெண்ணே போட்டார். ‘சொன்னவரின் மனநிலையை உள்வாங்கியிருக்கிறார்’ என்று குறிப்பும் எழுதினார்.

கட்டுரை தேறிவிட்டது என்பதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் பிற்பகலில் பாண்டீஸ்வரி துறைக்கு வந்தாள். சாரும் நானும் இருந்தோம்.

“சார், நேத்து என் தங்கச்சி கூட உக்காந்திருந்தேன். தண்ணி மொண்டு அவகிட்டக் குடுத்துட்டேன். எதுக்குக் குடுத்தேன்னு தெரியல. சொல்ல வாய் வந்துருச்சு. செம்பப் பிடுங்கி ஊத்திட்டேன். அவ ஏழாவது படிக்கிறா சார்.”

சார் பேனாவை மூடிப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் இதையெல்லாம் நம்புறேன்னு நினைச்சுக்காதீங்க மேடம். ஒரு பேட்டி சரிபார்க்காம நிக்குது. முறை என்னோடது. அதனால நானே சரிபார்த்திடுறேன்” என்றார். நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். “தண்ணி குடும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். மூலையில் இருந்த பானையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துக் கொடுத்தாள். அவர் குடித்தார். அவள் சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னார். தேவாலயத்தில் வாசகம் படித்துப் பழகிய, பிசிறில்லாத குரல் அவருடையது. பேச்சுத் தமிழ் அவர் வாயில் வந்து நான் அதிகம் கேட்டதில்லை. “பிள்ளையத் தூக்க முடியல” என்றார். “வாரேன்னேன்” என்றார். “வரல்ல” என்று முடித்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாண்டீஸ்வரி, முடிவு தெரியாமல் கதை கேட்கிற முகத்தோடு, “அப்புறம் என்ன சார் ஆச்சு?” என்றாள்.

அருளப்பன் சார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“சரி, வாரேன் சார். வாரேன் மேடம்” என்று அவள் பையை மாட்டிக்கொண்டு போனாள். படியிறங்கும் சத்தம் வழக்கமான வேகத்தில் கேட்டது.

இன்று அவள் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். இதை எழுதும் முன் தொலைபேசியில் கேட்டேன். “ஏதோ பஞ்சத்துல ஒரு அம்மா பிள்ளைய விட்டுட்டுப் போன கதைதான மேடம்? எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்ல. ஷமீமாகிட்டக் கேளுங்க, அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்” என்றாள். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள், என் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள் என்றாள். மாற்றியிருக்கிறேன்.

அடுத்த கல்வியாண்டின் முதல் துறைக் கூட்டத்தில் சார், “களப்பேட்டியில திருப்பிச் சொல்றது இனி வேண்டாம். பதிவு போதும்” என்றார். காரணம் யாரும் கேட்கவில்லை. வேலை குறைகிறது என்று இளையவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவருக்கு ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருந்தது. அந்த வருடம் அவர் யார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்து நான் பார்க்கவில்லை. யாருக்கும் ஊற்றிக் கொடுத்தும் பார்க்கவில்லை. பிறகு மகனோடு வெளியூர் போனார். இப்போது அவர் இல்லை. யாரிடமாவது சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்ல இருந்த ஒரு தருணம் மட்டும் தெரியும்.

அது அந்த வருடத்தின் கடைசி வகுப்புகளில் ஒன்று. நான் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தேன். சார் முதலாண்டு மாணவர்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சி நடத்திக்கொண்டிருந்தார். குறிப்பு சொல்ல, மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

“பாரிஸ் நகரில் ரொட்டிக் கடைகளின் முன் பெண்கள் வரிசையில் நின்றனர். மாவு வந்து சேரவில்லை. வரிசை நகரவில்லை.”

கொஞ்சம் இடைவெளி.

“வரிசையில நான் நிக்குறேன். பிள்ளைய வெளிய ஒக்கார வச்சுட்டு வந்திருக்கேன்.”

யாரும் சிரிக்கவில்லை, யாரும் நிமிரவில்லை. குறிப்பு எழுதும்போது நம் மாணவர்கள் பொருளைக் கேட்பதில்லை. காது கொடுப்பதைக் கை எழுதிக்கொண்டே போகும். நான் கதவருகே வந்துவிட்டேன். சார் சன்னலைப் பார்த்தபடி நின்றுவிட்டார். ஆசிரியர் இப்படி நின்றால் மாணவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒருவர் கடைசி வரியை உரக்க வாசித்து, விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். நோட்டை நேராக வைத்துக்கொண்டு, “‘வரிசையில…’” என்று தொடங்கினாள். சார் அவள் பக்கம் திரும்பினார். அவர் முகம் தளர்ந்தது. பல மாதங்களாக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று, ஆறுதல், அதில் வந்தது.

“வாசிக்காத” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனேன். “கடைசி ரெண்டு வரியும் பாடத்துல இல்ல. அடிச்சிருங்க.”

பேனாக்கள் கீறும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. மெல்ல நடந்து வந்து முதல் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் மாணவர்களோடு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவனிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, ஓரத்தை நேராக்கி, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எழுதுங்க” என்றேன். “பெண்கள் நின்றனர். நின்றனர். அவர்கள் கைகளில் பாத்திரங்கள் இருந்தன. அவர்களுடைய குழந்தைகள் வீடுகளில் காத்திருந்தனர்.”

அருளப்பன் சாரும் எழுதினார். மணி அடிக்கும்வரை நான் இடையில் எங்கும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாராவது வாசித்துக் காட்டுவார்கள்.